சங்கத்தை 'சி'யில் தேடுங்கள்

சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் இணைய நூற்பட்டியலை மதுரையிலோ மட்டக்களப்பிலோ உட்கார்ந்தபடியே துழாவலாம். காசு வேண்டாம், உறுப்பினராகவும் வேண்டாம். ஆனால் 'சங்கம்' என்பதை நம் வழக்கப்படி ஆங்கில எழுத்தில் 'எஸ்' போட்டுத் தொடங்கி, நடுவில் 'ஜி' வைத்துத் தட்டினால் பெரும்பாலும் ஆங்கில நூல்களே வந்து நிற்கும். தமிழ் நூல்கள் வேண்டுமென்றால் 'சி'யில் தொடங்க வேண்டும். 'ஜி' இருந்த இடத்தில் 'கே' வர வேண்டும். ஜெயகாந்தனில் 'எச்' இருக்கக் கூடாது.

இது நூலகரின் கிறுக்குத்தனம் அல்ல. அமெரிக்க நூலகங்கள் தமிழின் ஒலியைப் பெயர்ப்பதில்லை, எழுத்தைப் பெயர்க்கின்றன. க எங்கே வந்தாலும் 'கே', ச எங்கே வந்தாலும் 'சி'. உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும், எழுத்து மாறாது. அந்த அளவில் விதி சரி. ல, ள, ழ மூன்றையும் புள்ளியும் கோடும் இட்டுப் பிரித்துக் காட்டுகிறார்கள். தேடும் இயந்திரமோ பெரும்பாலும் அந்தக் குறிகளைக் கண்டுகொள்வதில்லை. வலியும் வளியும் வழியும் அதற்கு ஒன்றுதான்.

தமிழிலேயே தட்டினால் என்ன? இன்று பல பதிவுகளில் அது பலிக்கிறது. பழைய பதிவுகளில் பலிக்காது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின்கீழ், இந்தியாவுக்குக் கோதுமை விற்று இங்கே சேர்ந்த ரூபாயைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள தமிழ்ச் சேகரங்கள் பெருத்தது அப்படித்தான். நூற்பதிவுகளைக் கணினியில் ஏற்றப் பின்னர் வகுத்த எழுத்துத் தொகுதியில் அரபும் ஹீப்ருவும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. யூனிகோடு வந்த பிறகே நம் எழுத்துக்கு வழி பிறந்தது. ஒரு நூலகம் எழுதிய பதிவை மற்றவை படியெடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் ஒருவர் செய்த பிழையும் பத்து ஊருக்குப் போய்ச் சேரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்தப் பட்டியலின் பக்கம்தான். காரணம் பொருள் தலைப்பு. தமிழறிஞர் தெ.பொ.மீ. எழுதிய 'குடிமக்கள் காப்பியம்' முழுக்கச் சிலப்பதிகாரத்தைப் பற்றியது; தலைப்பில் அந்தப் பெயரே இல்லை. சொல்லைக் கொண்டு மட்டும் தேடுகிறவருக்கு அது அகப்படாது. நூலைப் புரட்டிப் பார்த்த ஒரு மனிதர், 'இது சிலப்பதிகாரம் பற்றியது' என்று பொருள் தலைப்பில் எழுதி வைத்திருந்தால் அகப்படும். ஆகவே பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பைச் சொடுக்கி, அங்கிருந்து போவதே நல்ல தேடல். நம் மாணவர்களில் அதைச் செய்கிறவர் குறைவு.

சொல்லைத்தான் தட்டுவேன் என்றால் வேற்றுமை உருபு காலை வாரிவிடும். 'சிலப்பதிகாரம்' என்று தேடினால் 'சிலப்பதிகாரத்தில்' எனத் தொடங்கும் தலைப்புகள் தப்பிவிடலாம். 'சிலப்பதிகார' என்பதோடு நிறுத்தி ஒரு நட்சத்திரக் குறி இட்டால் இரண்டும் வரும். இலக்கணம் படித்தவருக்கு இது விளையாட்டு. எழுத்தாளர் பெயருக்கு வேறொரு வழி உண்டு. பெயர் வரிசையில் தேடும் வசதி இருந்தால், தவறாக எழுதினாலும் 'இந்தப் பெயரில் பார்க்க' என்று அதுவே திருப்பிவிடக்கூடும். சாதாரணத் தேடல் பெட்டியில் அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது.

உண்மையான பள்ளம் இதழ்களில் இருக்கிறது. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழைத் தேடிப் பாருங்கள். பெயரில் எழுத்து உள்ள நூலெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். இதழ் வகை என்று சுருக்கினால் இதழ் கிடைக்கும். உள்ளே யார் என்ன எழுதினார் என்பது கிடைக்காது. தொகுப்பு நூல்களுக்கும் அநேகமாக இதே கதிதான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், ஒரு நூலின் உட்பகுதி வேறு பொருளைப் பேசினால் அந்தப் பொருளின் கீழும் ஒரு கார்டு எழுத, 1934இல் வெளியிட்ட தம் பட்டியல் விதிநூலில் இடம் வைத்திருந்தார். கையால் கார்டு எழுதிய காலத்து அக்கறை அது.

இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. அது தமிழ் எழுத்தை ஏற்கும். குறை பதிவில்தான். நான் பயன்படுத்திய ஒரு நூலகத்தின் இணைய நூற்பட்டியலில் சிலப்பதிகாரம் நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் காட்டித் தராது. அமெரிக்க விதி கடினம், ஆனால் ஒரு முறை கற்றால் போதும். விதியே இல்லாத இடத்தில் கற்க எதுவும் இல்லை, ஊகிக்கத்தான் வேண்டும்.

'இத்தலைப்பில் முன்னாய்வுகள் இல்லை' என்ற வரி நம் ஆய்வேடுகளின் முதல் இயலில் அடிக்கடி வருகிறது. எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.