பான்டிங்கின் கடிதம்

1863ஆம் வருஷம் லண்டனில், உடற்பருமனைப் பற்றிப் பொது ஜனங்களுக்கு எழுதிய கடிதம் என்று ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் பான்டிங். (இன்சுலின் விஷயத்தில் பெயர் பெற்ற பான்டிங் வேறு, அவர் பின்னால் வந்தவர்.) இவர் வைத்தியரும் அல்ல, எழுத்தாளரும் அல்ல. ராஜ குடும்பத்தாருக்கும் பெரிய மனிதர்களுக்கும் அந்திமக் காரியங்களை ஏற்பாடு செய்து கொடுத்த தொழிலதிபர். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பு இளைக்கும் என்று சொல்ல இன்று எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றவற்றுள் மூத்தது இதுதான். பெரும்பாலானவற்றைவிட நல்ல புத்தகமும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். நல்ல புத்தகம் என்பதாலேயே அதன் குறையையும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பான்டிங் அப்போது 65 வயதைத் தாண்டியவர். உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். இதையெல்லாம் ஊரறியச் சொல்ல அவர் கூசவில்லை. இளைப்பதற்காகப் படகு வலித்துப் பார்த்தார், பசிதான் அதிகமாயிற்று. துருக்கி ஸ்நானமும் பலிக்கவில்லை. கடைசியில் காது மந்தத்துக்காக வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் போனார். கல்லீரலையும் சர்க்கரையையும் பற்றிக் க்ளோத் பெர்னார் சொன்னதைப் பாரிஸில் கேட்டு வந்தவர் ஹார்வி. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் விடச் சொன்னார்.

1862 ஆகஸ்டில் 202 பவுண்டாக இருந்தவர் 1863 செப்டம்பரில் 156 பவுண்டு. வாரத்துக்கு ஒரு பவுண்டு வீதம்கூட இல்லை. அந்த நிதானத்தை மறைக்காமல், தேதி போட்டு, எடைக் கணக்கை அவர் அச்சிட்டார். அலங்காரம் இல்லை, வீரப் பிரதாபம் இல்லை. தன் உடம்பைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதுகிறவர்கள் நாவலாசிரியர்களிலேயே குறைவு.

குறை எங்கே என்றால், சாட்சி சொல்ல வந்தவர் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். சாப்பாட்டின் அளவைப் பசியிடமே விட்டுவிடலாம், தன்மைதான் முக்கியம் என்பது அவருடைய முடிவு. ஆனால் அதே கடிதத்தில் காலையில் 4, 5 அவுன்ஸ் மாமிசம், மத்தியானம் 5, 6 அவுன்ஸ், வாட்டிய ரொட்டி ஒரு அவுன்ஸ் என்று அளவையும் எழுதி வைத்திருக்கிறார்! முன்பு பால், சர்க்கரை, பீர், பலகாரம் என்று சாப்பிட்டவர் அத்தனையையும் ஒரே நாளில் விட்டார். இளைத்தது ரொட்டியை விட்டதாலா, மொத்தச் சாப்பாடு குறைந்ததாலா? அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இன்று அவரைத் தங்கள் மூதாதை என்று கொண்டாடுகிறவர்கள் வெண்ணெயைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். வெண்ணெய் அவருடைய விலக்குப் பட்டியலில் இருந்தது, பழம் அவர் தட்டில் இருந்தது என்பதை அவர்கள் படித்ததாகத் தெரியவில்லை.

அவர் கேட்காத கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷத்தில் முதல் பிரிவார் சராசரி 6 கிலோவும் இரண்டாம் பிரிவார் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பிரிவிலுமே மிக அதிகமாக இளைத்தவர்களும் உண்டு. எடை கூடியவர்களும் உண்டு. பான்டிங்கின் உடம்பு பான்டிங்கின் உடம்புதான்.

முறையில் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது, டிரைகிளிசரைடு இறங்குகிறது, பலருக்குப் பசியும் அடங்குகிறது. நீரிழிவுக்காரருக்கு இது சிறிய லாபம் அல்ல. கஷ்டங்களும் உண்டு. முதல் வாரத்தில் மளமளவென்று குறைவது பெரும்பாலும் தண்ணீர். தலைவலி, அசதி, மலச்சிக்கல் வரலாம். சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறிவிடுகிறது. எல்லாவற்றிலும் பெரிய அபாயம், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ சாப்பிடுகிறவர் வைத்தியரைக் கேட்காமல் சோற்றை நிறுத்திவிடுவது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால், சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து அவர் மயங்கி விழுந்துவிடலாம்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பான்டிங் ரொட்டியை விட்ட அதே 1862இல், லங்காஷயரில் பஞ்சாலைத் தொழிலாளிகள் ரொட்டி கிடைக்காமல் தவித்தார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் பஞ்சு வராமல் ஆலைகள் மூடிக் கிடந்தன. ரொட்டிக்குப் பதிலாக வேளாவேளைக்கு மாமிசமும் மீனும் உயர்ந்த திராட்சை மதுவும் என்பது காசுள்ளவருக்கு எழுதிய பத்தியம். அரிசிதான் மலிவு என்பதால் அதைச் சாப்பிடுகிறவனிடம் இந்தக் கடிதத்தை நீட்டுகிறவர், அரிசிக்குப் பதில் எதை, எந்த விலையில் வாங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பான்டிங் என்ற பெயரே இங்கிலீஷில் வினைச்சொல்லாக ஓடிற்று. ஸ்வீடன் பாஷையில் இளைக்கப் பத்தியம் இருப்பதற்கு இன்றும் அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான். தமக்கு ஒரு வைத்தியர் சொன்ன பத்தியத்தை நன்றியோடு நாலு பேருக்குச் சொன்னார் மனிதர். படித்தவர்கள் பலர் பத்தியத்தை எடுத்துக்கொண்டு வைத்தியரை விட்டுவிட்டார்கள். கடிதத்தை யாரும் தாராளமாகப் படிக்கலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழையுமுன், பான்டிங் போன வழியிலேயே ஒரு வைத்தியரிடம் போய்விட்டு வருவது நல்லது.