சொந்தத்தில் கட்டாவிட்டால் போதுமா? ஒரு மரபணு ஆய்வைப் பற்றி

பிள்ளைக்கு இரண்டு வயசாகியும் நடை வரவில்லை, பேச்சு வரவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "சொந்தத்துல கட்டினீங்களா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்புறம் எப்படி?" என்பார்கள். வெளிமாநிலம் வந்தபின் நம்மில் பலர் மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தத்தை விட்டுவிட்டோம். ஆனால் ஜாதியை விடவில்லை. மணமகள் தேவை விளம்பரங்களே சாட்சி. இந்த வித்தியாசம் மரபியலில் எவ்வளவு தூரம் செல்லும்? அதைச் சொல்லும் ஓர் ஆய்வுக் கட்டுரையை இங்கே விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலானோர் எழுதி, 2017-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்தது அது. தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகங்களில் 2,800-க்கு மேற்பட்டோரின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். 81 சமூகங்கள், பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். அவற்றில் 14 சமூகங்களில் இன்று பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. ஆக, ஒருவரையொருவர் உறவென்றே அறியாத இருவர், ஒரே பழைய பாட்டனிடமிருந்து ஒரே பழுதான ஜீனைச் சுமந்திருக்கலாம். அவர்கள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு.

கட்டுரையின் பலம் இதுதான்: பழியைத் தம்பதியர் தலையிலிருந்து இறக்கி, பல நூற்றாண்டு வழக்கத்தின் மேல் வைக்கிறது.

குறையும் உண்டு. அது முக்கியமாகக் காட்டும் உதாரணம், வைசியர் சமூகத்தில் ஆபரேஷனின்போது சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போவது. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? விடையின் ஒரு பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 6,040 குடும்பங்களைப் பார்த்த ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. தாய் தந்தை இருவர் வழியாகவும் வரும் ஒடுங்கு ஜீன் பழுது, ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளில் 3.6 சதவீதத்துக்கே காரணம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பெற்றோரிடம் இல்லாத புது மாற்றமே காரணம். பாகிஸ்தான் வம்சாவளிப் பிள்ளைகளிலோ ஒடுங்கு ஜீனின் பங்கு 31 சதவீதம். வெள்ளைக்காரரை மட்டும் ஆராய்ந்து எழுதிய பாடம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் நாட்டில் 2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டம், 83 சமூகங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் தகவலை ஜனவரி 2025-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு குழந்தையின் ஜீனில் காணும் மாற்றம் நம் சமூகத்தில் சாதாரணமா, அபூர்வமா என்று டாக்டர் பார்க்க இது உதவும். அபூர்வமானால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இத்தொகுப்பு ஆரோக்கியமானவர்களுடையது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து ஆராயாமல் காரணம் கிடைக்காது.

2017 கட்டுரையாளர்கள் சுட்டும் முன்மாதிரி, யூதர்களின் 'டோர் யெஷோரிம்'. இளைஞர்களைச் சோதித்து எண் மட்டும் கொடுப்பார்கள். சம்பந்தம் பேசும்போது இரு எண்களும் சேருமா, சேராதா என்பதை மட்டும் சொல்வார்கள். அந்த ரகசியம்தான் அதன் உயிர். ஜாதகம் பத்துக் கை மாறும் நம்மிடையே அது நிற்குமா? செவ்வாய் தோஷம் போதாதென்று 'ஜீன் தோஷம்' என்று ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகக் கூடாது. இதைக் கட்டுரை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. 'இந்த மாற்றத்தின் பொருள் உறுதியில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். தகவல் தொகுப்புகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், "திரும்ப ஒருதரம் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.