செவிலி என்றொரு சொல்

அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்தவள், தோழியைப் பெற்றவள். தலைவி உடன்போக்கில் சென்றுவிட்டால் புலம்புகிறவளும், பின்னர் அவளது இல்லறத்தைப் போய்ப் பார்த்து நற்றாயிடம் சொல்கிறவளும் அவள்தான். ‘நர்ஸ்’ என்பதற்கு நவீனத் தமிழ் சொல் தேடியபோது இவளிடமிருந்து ‘செவிலியர்’ பிறந்தது. அழகான சொல். ஆனால் தமிழில் இன்னொரு சொல்லும் இருந்தது. குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிற்பதில்லை. அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறது. அந்த நான்காமவர் ‘உழைச்செல்வான்’. வினையாலணையும் பெயர், ஆண்பால் ஈறு. ஆணாக எண்ணியபோது செய்கிற வேலையால் பெயர் அமைந்தது. பெண்களின் பணியானபோது வளர்ப்புத் தாயின் பெயர் வந்து சேர்ந்தது.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. தாய்மையை யாரும் அளப்பதில்லை, அதற்குக் கூலியும் கொடுப்பதில்லை. ஆனால் செவிலியர் பணி அளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா எய்க்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது காட்டியது. அன்பு குறைந்ததால் நேர்ந்த இறப்புகள் அல்ல இவை. ஒருத்தியின் கண்ணும் காதும் இத்தனை கட்டில்களுக்குத்தான் எட்டும் என்பதே இதன் பொருள்.

நோயாளிகள் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளாதது ஏன் என்ற கேள்வியிலும் சொல்தான் முதல் சிக்கல். மருத்துவ ஆங்கிலம் நெடுங்காலம் இதைக் ‘கம்ப்ளயன்ஸ்’ என்றது: கீழ்ப்படிதல். மருந்தை விட்டவர் சொல்பேச்சு கேளாதவர். பின்னர் ‘அட்ஹியரன்ஸ்’ வந்தது: உடன்பட்டுக் கடைப்பிடித்தல். உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சிகிச்சையைக் கடைப்பிடிக்கிறார்கள் என்றது. அதற்கான காரணங்களை ஐந்து வகையாகவும் பிரித்தது: சமூகப் பொருளாதார நிலை, மருத்துவ அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, நோயாளி. ஐந்தில் ஒன்றுதான் நோயாளி. நமது புறநோயாளிப் பிரிவுகளில் மற்ற நான்குக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவரும் அவரே.

காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது ஆபத்தில்லை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், உடம்பிலிருந்து ரத்தம் போகிறது என்று பயந்து ஒரு பெண் மாத்திரையை நிறுத்தலாம். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். இதையும் சொல்லாவிட்டால், நோயோடு போராடுகிறவள் விரும்பாத கருவையும் சுமக்க நேரும். இரண்டையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொல்வதோடு நில்லாமல், கேட்டவரையே தம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லச் செய்வது உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் செவிலிய முறை. ‘புரிந்ததா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்றால்தான் புரியாதது வெளியே வரும். வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் இந்த வேறுபாடு எனக்கு நன்றாகவே தெரியும். இதற்குத் தேவை நேரமும் காதும். இரண்டுமே மருந்துச் சீட்டில் எழுதப்படுவதில்லை.

சென்னைக்கு இதில் தனி இடம் உண்டு. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் தங்கியவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களையும் ஒப்பிட்டது. நெரிசலான வீடு, போதாத உணவு. இருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. மருந்தின் வெற்றியாக அது கொண்டாடப்படுகிறது. ஆனால் வீடு தேடிச் சென்று மாத்திரை எண்ணியவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. சானடோரியத்தில் சம்பளத்துக்குச் செய்யப்பட்ட சமையலும் பணிவிடையும் வீட்டுக்குப் பெயர்ந்தபோது, பெரும்பாலும் எந்தக் கைகளுக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்தப் பாதையின் நீட்சிதான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பேருந்துக்குக் காசில்லாத, அரைநாள் கூலியை இழக்க முடியாத பெண்களுக்கு இது பெரிய விடுதலை, 2024இல் ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. படியேறி வரும் பெண்ணுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘தன்னார்வலர்’. அவர் பெறுவது ஊதியமல்ல, ஊக்கத்தொகை. தேர்வெழுதித் தேறிய செவிலியர்களின் கதையும் வேறல்ல. 2015இல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் செவிலியர்களைத் தேவதைகள் என்று புகழ்ந்தோம். தேவதைக்கு வாடகை, மளிகைக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டோம் போலும்.

சான்று சார்ந்த செவிலியம் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் சான்றுகளில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையல்ல. திருப்பிச் சொல்லச் செய்வது பலன் தரும் என்று செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கிறோம். ஒருத்திக்கு எத்தனை நோயாளிகள் என்ற சான்றைக் கோப்பிலேயே வைத்திருக்கிறோம். நேரம் தராமல் முறையை மட்டும் தந்தால், நோயாளியின் மேல் சுமத்திய பழி இனிச் செவிலியர் மேலும் விழும்: இவளும் சொல்பேச்சு கேளாதவள்.

செவிலி என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அகப்பாடல்களிலும் அவள் அழுவதற்கு மட்டும் வந்தவள் அல்ல. பார்த்து, அறிந்து, வந்து சொல்கிறவள். அவள் சொல்வதை அறிவு என்று ஏற்போம். அறிவுக்கு உரிய ஊதியத்தையும் கொடுப்போம்.