அமெரிக்காவைக் காட்டிச் சொல்லப்படும் கதை

அமெரிக்காவைப் பற்றி நமக்கு ஒரு கதை ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அங்கே குடும்பம் சிதைந்துவிட்டது. வயசானவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதால் பிள்ளைகள் பெற்றவர்களைப் பார்ப்பதில்லை. யாரும் சேமிப்பதில்லை, எல்லாரும் கடனில் வாழ்கிறார்கள். நம்மிடமோ குடும்பம் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது, சாதி இருக்கிறது. இவை மூன்றும் நம்மைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ளட்டும்.

துக்ளக் ஆண்டுவிழா மேடைகளிலிருந்து பொருளாதாரக் கட்டுரைகள் வரை இந்தக் கதையை வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறோம். இதற்குக் கோட்பாட்டு முகம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எஸ். குருமூர்த்தி. சாதி ஒரு பொருளாதார வளர்ச்சி வாகனமா என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து 2009 ஜனவரியில் ‘தி இந்து’வில் எழுதினார். ஆம் என்பதுதான் அவர் பதில். பெங்களூர் ஐ.ஐ.எம். பேராசிரியராக இருந்த ஆர். வைத்தியநாதன், சாதியைச் சமூக மூலதனம் என்று தலைப்பிலேயே சொல்லி 2019இல் ஒரு புத்தகம் போட்டார். சிவகாசி நாடார்கள், திருப்பூர்க் கவுண்டர்கள் என்று இந்த வாதத்துக்கு வழக்கமாக உதாரணங்கள் வரும். அந்த வரிசையில் எங்கள் ஊர் நகரத்தார்களும் வந்து நிற்பார்கள். நான் காரைக்குடிக்காரி. இந்த உதாரணத்தின் பின்வாசலில் பிறந்தவள் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் அமெரிக்காவையே பார்த்துவிடுவோம். அங்கே அரசாங்கம் எல்லாரையும் தூக்கிச் சுமந்தது என்பதே பொய். சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் வந்தபோது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அன்றைக்குக் கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். ‘கறுப்பர்’ என்ற சொல் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. தொழிலைச் சொன்னால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். நமக்கு இது புரியாதா என்ன? 1950களில்தான் அந்த ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். அரசாங்கத்தின் கை வெள்ளைக்காரர் வீட்டுக்கு மட்டும் நீண்ட காலத்தில், அரசாங்கம் பெருத்துவிட்டது என்ற கூப்பாடு இவ்வளவு இல்லை. அந்தக் கை கறுப்பர் தெருவுக்கு வந்தபோதுதான் தத்துவம் உச்சத்துக்கு ஏறியது.

1957 செப்டம்பரில் லிட்டில்ராக் ஊரில் 9 கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் போக 101ஆவது வான்படைப் பிரிவை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிய ஐசனோவர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல, குடியரசுக் கட்சிக்காரர். அமெரிக்கப் பழமைவாதத்தின் வேதப் பத்திரிகையான ‘நேஷனல் ரிவ்யூ’, அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், தெற்கில் வெள்ளையர் கைதான் ஓங்கியிருக்க வேண்டும், எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் இடத்திலும் அப்படித்தான், என்று தலையங்கம் எழுதியிருந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப்போட்டார் பேரி கோல்ட்வாட்டர். தனக்குக் கறுப்பர்மேல் வெறுப்பில்லை, மாநில உரிமையிலும் தனிச்சொத்திலும் மத்திய அரசு தலையிடக்கூடாது என்பதுதான் காரணம் என்றார். அவர் மனசை நாம் அளக்க வேண்டாம். அந்த வருஷ ஜனாதிபதித் தேர்தலில் தன் சொந்த மாநிலத்தைத் தவிர அவர் ஜெயித்தது தெற்கின் 5 மாநிலங்களில் மட்டும். கேட்டவர்கள் காதில் அந்தத் தத்துவம் என்னவாக விழுந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாநில உரிமை, உள்ளூர் வழக்கம், அரசு தலையிடாத சமூகம். நம்ம பக்கத்தில் இதற்கு ‘நாட்டு வழக்கம்’ என்று பேர்.

இந்த நாட்டு வழக்கம் எழுத்தில் பதிவாகி இருக்கிறது. சிவகங்கைச் சீமையும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் நம் மக்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைத் தந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பானை தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றை மீறிய தெருக்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் பண்டபாத்திரங்களும் அழிக்கப்பட்டன.

அது போதாதென்று 1931 ஜூனில் 11 தடைகள். பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதார் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிரிடக்கூடாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை கூலி வேலை. ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது.

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் பட்டியல் உடம்பைப் பற்றியது, இரண்டாவது பட்டியல் பொருளாதாரம். அரசாங்கம் ஒதுங்கி நின்ற ஒரு நாட்டில் கூலி என்ன, நிலத்தின் விலை என்ன, வேலைநேரம் எவ்வளவு என்று தீர்மானித்தது சந்தை அல்ல. ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. சமூக மூலதனம் என்று பேராசிரியர்கள் சொல்வது இதுதான் என்றால், 1931இல் அது பூரணமாகச் செயல்பட்டிருக்கிறது.

நகரத்தார் கதைக்கு வருவோம். அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்பது நகரக்கோயில் உறவு, ஐந்தொகைக் கணக்கு, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி ஏஜெண்டாக உயர்கிற பயிற்சி, ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்கிற ஒழுங்கு, எல்லாம் உண்மை. ஒரு கையெழுத்தை நம்பி லட்சங்கள் கடல் தாண்டிய காலம் அது. ஆனால் பர்மா விவசாயி கடனைத் திருப்பாவிட்டால் அவன் வயலை எழுதி வாங்கிக் கொடுத்தது எந்தக் கோயில்? வெள்ளைக்காரன் போட்ட நிலப்பட்டாச் சட்டம், அவன் நீதிமன்றம், அவன் போலீஸ். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்து, 1937-38இல் அது 25 சதவீதமாயிற்று. இது சாதி தனியாக நின்று செய்த அற்புதம் இல்லை, ஒரு சாம்ராஜ்யம் பக்கத்தில் நின்றது. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியபோது இழப்பீட்டுக்காக அவர்கள் போனதும் அரசாங்கத்தின் வாசலுக்குத்தான். போனது தப்பில்லை. அரசாங்கம் இல்லாமலே வளர்ந்தோம் என்று அவர்கள் பேரில் வேறு யாரோ எழுதுவதுதான் தப்பு.

இன்னொன்று. தேக்கு உத்தரமும் இத்தாலிச் சலவைக்கல்லும் உள்ள அந்த வீடுகளின் முட்டைச் சுண்ணாம்பை யார் அரைத்தார்கள், செங்கல்லை யார் சுமந்தார்கள்? ஒரு சாதிக்குள் நம்பிக்கை மூலதனமாகப் புழங்குகிறது என்றால், அந்த வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அங்கே கடன் இல்லை, பங்கு இல்லை, பெட்டியடிப் பையன் வேலைகூட இல்லை. எங்கள் தெருவிலும் உறவுமுறை கெட்டியாகத்தான் இருக்கிறது. சாவுக்கு நாலு பேர் ஓடிவருவார்கள், கல்யாணத்துக்கு மொய் எழுதுவார்கள். ஒருத்தர் கையிலும் காசு இல்லாத இடத்தில் நம்பிக்கையை வைத்து என்ன தொழில் தொடங்குவது? வைத்தியநாதன்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை.

முதியோர் பணம் குடும்பத்தைக் கெடுக்கும் என்கிறார்களே, அதை என் அப்பத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. “கூறுகெட்ட பயலுக. மாசாமாசம் அந்தப் பணம் வாரதுனாலதான்டி உங்காத்தா எனக்கு மூஞ்சி சுழிக்காமக் காப்பித்தண்ணி ஊத்துறா. வெறுங்கையா கெடந்தா திண்ணையில நாயி மாதிரில்ல கெடக்கணும்.” எங்க அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ முணுமுணுத்தது, அதை இங்கே எழுத வேண்டாம். தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய திட்டம் இது. கூலிக்காரக் குடும்பங்களில் கிழவிக்கு மரியாதையை வாங்கிக் கொடுத்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நூறுநாள் வேலை பற்றியும் அப்பத்தாவுக்கு ஒரு கருத்து உண்டு. “முன்னெல்லாம் கூலிய அவுக சொல்லுவாக, நாம கேட்டுக்கிறணும். நூறுநா வேலை வந்தபெறகுதான் ‘இம்புட்டுக் குடுத்தா வாரேன்’னு நம்ம வாயில ஒரு வார்த்தை வந்துச்சு.” 2006இல் அந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து ‘சனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள், வயல்வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்ற புலம்பலைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். 1976 தேர்தல் பிரச்சாரத்தில் ரேகன், அரசாங்க உதவியில் சொகுசாக வாழும் ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஊராகக் கதை சொன்னார். அவள் எந்த நிறம் என்று அவர் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே ‘இலவசம்’ என்ற சொல்லை உச்சரிக்கும்போது எந்தத் தெருவை மனசில் வைத்து உச்சரிக்கிறார்கள் என்று நமக்கும் தெரியும். 4 அணா, 2 அணா என்று ஊர்கூடி எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கூலியைத் தாங்கள் நிர்ணயிக்க முடியாமல் போன வருத்தம்.

இராஜாஜியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சிதான் இந்தக் கருத்துக்கு இந்தியாவில் முதல் கௌரவமான வீடு. முதியோர் பணம் தொடங்கிய அதே 1962இல் காரைக்குடித் தொகுதி அந்தக் கட்சியின் சா. கணேசனைச் சட்டசபைக்கு அனுப்பியது. கம்பன் கழகம் கண்டவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், தமிழ் படித்தவர்கள் மரியாதையோடு பேசும் பேர். பெர்மிட் - லைசென்ஸ் ராஜ்யம் என்று இராஜாஜி கண்டித்ததில் நியாயம் உண்டு. அந்த லைசென்ஸ்கள் சேரிக்கு வரவில்லை, பெரிய முதலாளிகளுக்கே போயின. ஆனால் அதே இராஜாஜி 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தபோது, அழைத்துப் போனவர்களைக் காப்பாற்ற அரசாங்கத்தின் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார். சமூகம் தானாகத் திருந்தும் என்று காத்திருக்கவில்லை. 1953இல் அரைநாள் பள்ளி, மீதிநாள் குடும்பத்தோடு என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்த இராஜாஜி எங்கே போனார்? காமராசர் வந்து 1954இல் அதைக் கைவிடாமல் இருந்திருந்தால், 1931இன் ‘பிள்ளைகள் படிக்கக்கூடாது’ என்பதில் பாதியாவது மரியாதையான மொழியில் நிறைவேறியிருக்கும். எம்.ஏ. தமிழ் படித்து இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். எனக்குப் படிப்பைத் தந்தது உறவுமுறை அல்ல. 1944இல் தொடங்கிய பட்டியல் சாதி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் தந்தன.

இப்போது கடல் தாண்டிப் போனவர்களிடம் வருகிறேன். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் ஆயிஷா வகாப் கொண்டுவந்த மசோதா சட்டசபையின் இரு அவைகளிலும் நிறைவேறியது. இந்து அமெரிக்க அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சாதி இங்கே இல்லை, சாதி என்று சட்டத்தில் எழுதுவதே எங்களைக் களங்கப்படுத்துவது என்பது அவர்கள் வாதம். அக்டோபர் 7இல் ஆளுநர் நியூசம் மசோதாவை ரத்து செய்தார். இருக்கிற சட்டமே போதும் என்றார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மேடையில் சாதி என்பது மூலதனம், நம் பலம், அமெரிக்கனுக்கு இல்லாத சொத்து. கலிஃபோர்னியாவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இரண்டையும் ஒரே ஆள் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒரே முகாம் சொல்கிறது. மூலதனம் விமானம் ஏறும்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது?

2023 ஜூன் 29இல் ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முடிவு கட்டியது. 1965இல் ஜான்சன் பிறப்பித்த, அரசு ஒப்பந்தக்காரர்கள் வேலை கொடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற ஆணையை டிரம்ப் 2025 ஜனவரியில் விலக்கினார். தகுதி மீண்டது என்று நம்ம ஊர்த் தகுதிவாதிகள் மகிழ்ந்தார்கள். 2024 டிசம்பரிலேயே சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனுக்கு டிரம்ப் பதவி கொடுத்ததற்காக டிரம்பின் ஆட்களே இந்தியர்களை ஒட்டுமொத்தமாக ஏசினார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. உடனே அரசாங்கம் தலையிட வேண்டும், டெல்லி பேச வேண்டும் என்ற குரல்கள். குடும்பமும் சாதியும் பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்கு ஒருத்தரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

நம் பிள்ளைகளும் இப்போது அங்கே இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். ‘சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்’ என்ற கேள்வியை எங்கே, யாரிடம் எதிர்கொண்டார்கள், என்ன பதில் சொல்லித் தப்பித்தார்கள் என்பதை அவர்களே எழுத வேண்டும். இந்த இதழுக்கு எழுதச் சொல்லித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் எழுதுகிறேன் என்றிருக்கிறார்கள், பேர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு.