கூத்துமாடத்து நிழல்கள்

கார்ட்டூன் ரசிக்கும் பெரியவர்களை "இன்னும் குழந்தையா?" என்று கேலி செய்பவர்களை பெரியவர்களே நிழலுருவங்களை அசைத்துக் கதை சொல்வதைக் காட்டப் பாலக்காட்டுக்கு அழைத்துவர எனக்குத் தோன்றும். கல்பாத்தி ஆறு கலக்கும் பாரதப்புழையை ஒட்டிய ஊர்களில், பகவதி கோயில் வளாகத்தில் கூத்துமாடம் நிற்கும். தோல்பாவைக்கூத்துக்கென்றே கட்டிய நீள மேடை அது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். தேங்காய் மூடியில் எண்ணெயும் திரியும். முன்பு மான்தோலிலும் இப்போது பெரும்பாலும் ஆட்டுத்தோலிலும் செய்யும் பாவைகள். உளியால் போட்ட பொடித்துளைகள் வழியே ஒளி கசிந்து ராமனுக்கு மகுடமும் மாலையும் ஆகிறது. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும். அது போதும், சுடர் நடுங்கும்போது அசையாத பாவையும் மூச்சு விடுகிறது.

கதை கம்பனுடையது. கூத்தை நடத்தும் புலவர்கள் தமிழ்ப் பாட்டைச் சொல்லி, மலையாளம் கலந்து பொருள் விரித்து, தர்க்கம் பேசி விடியவைப்பார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் ராவண வதத்தைக் காணாத பத்ரகாளிக்காகவே இந்த ஆட்டம் என்பது ஐதீகம். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும்.

1926இல் ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டை உருவங்களைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்து இளவரசர் அக்மதின் கதையை முழுநீள அனிமேஷன் படமாக்கியதும் இதே நிழல் வித்தையால்தான். ஷொரணூர் அருகே கூனத்தறையில் பரம்பரையாகத் தோல்பாவைக்கூத்தை ஆடிவரும் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னும் முன்பே கிடைத்திருக்க வேண்டும்.