வரையப்பட்ட அசைவு

2019-இல் ஜான் ஃபேவ்ரோவின் 'தி லயன் கிங்' வெளிவந்தபோது, அனிமேஷன் தன் இலக்கை எட்டிவிட்டது என்ற பேச்சு பலமாக அடிபட்டது. சித்தார்த்தும் அரவிந்த் சாமியும் தமிழில் குரல் கொடுத்த அந்தப் படத்தில் ஒரே ஒரு ஷாட்தான் கேமராவில் எடுத்தது, மற்றதெல்லாம் கணினி. எது அந்த ஷாட் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையே பெரும் பாராட்டாகச் சொன்னார்கள். ஒரு கலை தான் இருந்த சுவடே தெரியாமல் போவதை அதன் உச்சம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1994-ஆம் ஆண்டுப் படத்தில் தந்தையின் உடலருகே நிற்கும் குட்டிச் சிம்பாவின் புருவமும் வாயும் படும் பாடு நெஞ்சைப் பிசையும். புதிய படத்தின் அதே இடத்தில் அசல் சிங்கக்குட்டி ஒன்று நிற்கிறது. சிங்கத்தின் முகத்துக்கு அந்தத் துயரம் தெரியாது. ஓவியனின் கோட்டுக்குத் தெரிந்திருந்தது.

நிஜத்தை நோக்கிய பயணம்தான் அனிமேஷனின் வரலாறு என்பதற்கு அந்த வரலாற்றிலேயே ஆதாரம் இல்லை. லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று ஆண்டு முன்பே, 1892-இல், பாரிசில் எமில் ரேனோ கையால் தீட்டிய படங்களைத் திரையில் ஓட்டினார். 1914-இல் வின்சர் மக்கே மேடையில் நின்று அதட்டினால் திரையில் கெர்ட்டி என்ற டைனோசர் அழுதது. லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையைக் கத்தரித்து 1926-இல் 'இளவரசர் அக்மத்' படத்தை முழு நீளத்தில் முடித்தார். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் பலருக்கு முழுநீள அனிமேஷன் டிஸ்னியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த 'ஸ்னோ ஒயிட்'டையே கவனித்துப் பாருங்கள். இளவரசியின் அசைவுகளுக்கு ஒரு நடனப்பெண்ணைப் படம்பிடித்து அதைப் பின்பற்றினார்கள். குள்ளர்கள் பெரும்பாலும் ஓவியர்களின் கற்பனையில் பிறந்தார்கள். இளவரசி அழகாக நகர்கிறாள். உயிரோடு இருப்பவர்கள் குள்ளர்கள்தான்.

நான் நின்று நிதானித்துப் பேச விரும்புவது ரஷ்ய அனிமேஷன் இயக்குநர் யூரி நோர்ஸ்டைனைப் பற்றி. சோவியத் சிறுவர் நூல்களைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அவர்களிடையே இந்தப் பெயரை அரிதாகவே கேட்டிருக்கிறேன். 1975-இல் அவர் எடுத்த 'பனிமூட்டத்தில் முள்ளெலி' சுமார் பத்து நிமிடப் படம். நண்பன் கரடிக்குட்டியோடு சேர்ந்து நட்சத்திரங்களை எண்ணுவதற்காக, ராஸ்பெரி ஜாம் மூட்டையோடு கிளம்பும் முள்ளெலி, மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்க்கிறது. தானும் உள்ளே இறங்கி வழி தவறுகிறது. கதை அவ்வளவுதான். அந்த மூட்டத்தை நோர்ஸ்டைன் மெல்லிய காகிதத்தால் உண்டாக்கினார். உருவத்தின் மேல் காகிதத்தை வைத்து, பிரேமுக்குப் பிரேம் சிறிது சிறிதாகக் கேமராவை நோக்கி உயர்த்தினார். காகிதம் மேலே வர வர முள்ளெலி மங்கி மறைகிறது. அதன் உடல், அவர் மனைவி பிரான்செஸ்கா யார்புசோவா வரைந்து வெட்டிய துண்டுகளின் சேர்க்கை. வெறும் காகிதம் என்று தெரிந்தே பார்க்கிறோம். ஓர் இலை விழும்போது முள்ளெலியோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம். அனிமேஷனின் இன்பம் முழுவதும் இந்த இரட்டை அறிவில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பொருள் உயிரற்றது என்பதை மறக்காமலே அதன் உயிருக்காகப் பதறுகிறோம். மறக்கடிப்பதையே சாதனையாகக் கருதும் படங்கள் அந்த இன்பத்தில் பாதியைப் பறித்துவிடுகின்றன.

மறக்கடிக்காத வழியில் வெகுதூரம் போனவர் ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாத்தா. ஃப்ரெஞ்சு இலக்கியம் படித்தவர், வரைபவர் அல்ல. கோடுகளை முடிக்காமல் விடும் துணிச்சல் அவருக்கு அதனால்தான் வந்ததோ என்னவோ. 2013-இல் வந்த 'இளவரசி ககுயா'வில் ஒரு விருந்துக் காட்சி. குடித்த விருந்தினர்கள் தன்னை இழிவாகப் பேசுவதைத் திரைக்குப் பின்னிருந்து கேட்கிறாள் ககுயா. கையிலிருந்த சிப்பி நொறுங்குகிறது. கதவுகளைப் பிளந்துகொண்டு ஓடுகிறாள். பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அதுவரை மென்மையாக இருந்த கோடு கரிக்கட்டியின் கிறுக்கலாக மாறுகிறது. முகம் சிதைகிறது, சாலை நாலைந்து கீறல்களாகச் சுருங்குகிறது. அவளுடைய கோபத்தை எந்த நடிகையின் முகமும் இப்படிக் காட்டியிருக்க முடியாது, கோபப்படுவது கோடே.

நம் 'கோச்சடையான்' (2014) நடிகர்களின் உடலசைவைக் கருவிகளில் பதிந்து கணினி உருவங்களுக்கு ஏற்றியது. ரஜினியின் நடையும் கைவீச்சும் மிகையும் சுருக்கமும் கலந்தவை, பாதி ஓவியமாகவே பிறந்தவை. தேர்ந்த ஓவியன் ஒருவன் கையில் அவை எப்படிச் சீறியிருக்கும்! அளந்து பதிந்ததில் துல்லியம் கிடைத்தது, வேகம் போயிற்று.

கணினியை நான் பகையாக நினைக்கவில்லை. 'ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) காட்டுக் காட்சியில், வலை வீசப் பழகும் மைல்ஸை வினாடிக்கு 12 படங்களாகவும், கைதேர்ந்த பீட்டரை 24 படங்களாகவும் அசைத்தார்கள். சிறுவனின் தடுமாற்றம் அந்த எண்ணிக்கையிலேயே வந்துவிட்டது. லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உருவாக்கிய 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கர் வென்றது. அதில் வசனம் கிடையாது. அந்தக் கறுப்புப் பூனைக்கு ரோமம் ரோமமாக உடல் இல்லை. தூரிகைத் தீற்றல் போன்ற பரப்புகள்தான். ஆனால் பயந்தால் முதுகு வளைவதும் காது மடங்குவதும் பூனையைக் கூர்ந்து பார்த்தவன் வரைந்தவை.

அனிமேஷன் கற்பிக்கும் நம் ஊர்க் கூடங்களில் பாடம் பெரும்பாலும் மென்பொருளின் பெயரோடு தொடங்குகிறது. முதல் வாரம் நோர்ஸ்டைனையும் தகஹாத்தாவையும் திரையிடுங்கள். மாணவர் கையில் கத்தரிக்கோலையும் கரித்துண்டையும் கொடுத்து ஒரு காகித உருவத்தைத் தலை திருப்ப வைக்கச் சொல்லுங்கள். ரோமம் முளைக்கவைக்கும் பாடத்தை இரண்டாம் ஆண்டில் வைத்துக்கொள்ளலாம்.