வென்ற படகையும் ஐயுற்றவர்

பாய்மரப் படகுப் பந்தயத்தில் வெற்றிக் கோப்பையை மாலுமியே ஏந்துகிறார் எனினும், ஒரே காற்றிலும் ஒரே அலையிலும் செல்லும் இரு படகுகளுள் ஒன்று மற்றதை விட்டு விலகி முன்னேறுவதற்குரிய காரணங்களிற் பல, அவை நீரைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்னரே, அவற்றை வரைந்தவரின் மேஜையில் நிர்ணயமாகிவிடுகின்றன. இதற்கு 1908-இல் நியூயார்க்கில் பிறந்து, நூறாண்டு வாழ்ந்து 2008-இல் மறைந்த ஓலின் ஸ்டீவன்ஸைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

நோயின் காரணமாக எம்.ஐ.டி. படிப்பை ஓராண்டளவில் விட்டுவிட்ட அவ்விளைஞர், படகுத் தரகரான டிரேக் ஸ்பார்க்மனுடன் சேர்ந்து 1929-இல் நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு உருவான 'டொராட்' 52 அடி நீளமும் பத்தடிக்குச் சற்று மிகுந்த அகலமுமே உடையது. 1931-இல், தம்பி ராடும் தந்தையும் உடன்வர, இருபத்துமூன்று வயது ஓலினின் தலைமையில் அப்படகு அட்லாண்டிக்கைக் கடந்து, தன்னிலும் பெரிய படகுகளுக்கு இரண்டு நாள் முந்திக் கரை சேர்ந்தபோது, நியூயார்க் நகரம் ஊர்வலம் நடத்தி அவர்களை வரவேற்றது. ஆயினும், எதிரலையைக் கிழித்தோடும் அந்த ஒடுங்கிய உடல் பின்காற்றில் இருமருங்கும் உருண்டு தத்தளிப்பதை அறிந்த ஓலின், உலகம் புகழ்ந்த அவ்வடிவத்தையே திரும்ப வரையாமல், 1934-இல் 'ஸ்டார்மி வெதர்' படகுக்கு இரண்டடிக்கு மேல் அகலம் கூட்டினார். அதுவும் மறு ஆண்டே அட்லாண்டிக் பந்தயத்தில் ஜயித்தது.

கண்ணுக்கு அழகானதே வேகமானது என்ற பழைய நம்பிக்கையையும் அவர் பரீட்சிக்காமல் விடவில்லை. 1937-இல் அமெரிக்கக் கோப்பைக்காக ஸ்டார்லிங் பர்ஜஸுடன் இணைந்து 'ரேஞ்சர்' படகை உருவாக்கியபோது, சிறு மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்து, நீரின் எதிர்ப்பை அளந்து, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தனர். அவ்வாறு தேறியது பர்ஜஸ் வரைந்த விசித்திரமான மாதிரியே. அது 4-0 என வென்றது. 1967-இல் 'இன்ட்ரெபிட்' படகிலோ, அடியிலுள்ள ஏராக்கட்டையோடு ஒட்டியிருந்த சுக்கானைப் பிரித்துப் பின்னே நிறுத்தி, ஏராக்கட்டையையும் சுருக்கி, நீரோடு உராயும் பரப்பைக் குறைத்தார். அதுவும் 4-0 என்றே வென்றது.

1937 முதல் 1980 வரை அக்கோப்பையைக் காத்த படகுகளுள், 1962-ஆம் ஆண்டின் 'வெதர்லி' நீங்கலாக, மற்றவை யாவும் ஸ்பார்க்மன்–ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் உருவானவை. எனினும் தொட்டிப் பரீட்சை பிழையாத பிரமாணமன்று: 1970-இல் அவரது புதிய 'வேலியன்ட்', மற்றொரு நிபுணர் திருத்தியமைத்த அவரது பழைய 'இன்ட்ரெபிட்'டிடமே தோற்றது. தம் படைப்பே தம் படைப்பை வீழ்த்திய அத்தோல்விக்குப் பின், 1974-இல் அவர் வரைந்த 'கரேஜியஸ்' கோப்பையைக் காத்தது. நெடுங்காலம் முதன்மையில் நிற்க மேதைமையோடு, நேற்றைய வெற்றியைச் சந்தேகிக்கும் துணிவும் வேண்டும் என்பதே அவர் விளையாட்டுலகுக்குக் காட்டிய நெறி.